கெட்டியானதா போடுங்க

ஜனவரி 12

சுண்டெலிக்கு,

உன் அண்ணன்தான். உறை மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு. "பதினோரு வருஷமா போனை எடுக்காதவ லெட்டரை மட்டும் பிரிப்பாளா?" என்று உன் அண்ணி கேட்டாள். "பிரிக்காம இருக்க அவளால முடியாது. சின்ன வயசுலயே அடுத்த வீட்டு லெட்டரை ஆவியில காட்டிப் பிரிச்சவ அவ" என்றேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா பிசியோதெரபி முடித்துவிட்டாள். ஆமாம், உன் படிப்பேதான். நான் சொல்லி எடுத்ததில்லை, அவளாகப் பிடிவாதம் பிடித்துச் சேர்ந்தாள். நீ இருக்கும் நாட்டிலேயே ஒரு பெரிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. இங்கே படித்த படிப்பு அங்கே உள்ள படிப்புக்குச் சமம்தான் என்று மதிப்பிட்டு ஓர் அறிக்கை போகவேண்டும். ஏப்ரல் முப்பதுக்குள் போகாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. டிசம்பரிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டாள். பல்கலைக்கழகமும் மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி நேராக அங்கே அனுப்பிவிட்டது.

அனுப்பிய முகவரியைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. நீ வேலை பார்க்கும் அலுவலகம்! உன்னோடு படித்த நெட்டைக்கொக்கு போன வருடம் என்னைப் பார்த்தபோது பெருமையாகச் சொன்னாள், சான்றிதழ் சரிபார்க்கும் பிரிவில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று. நம் வீட்டுப் பெண்ணின் கோப்பு நம் வீட்டுப் பெண்ணின் கையிலேயே போய் விழுந்திருக்கிறது என்றால் இதை என்னவென்று சொல்வது?

நீ ஒன்றும் தப்பாகச் செய்ய வேண்டாம். கொஞ்சம் கண் வைத்துக்கொண்டால் போதும். அசல் சான்றிதழ்களும் கேட்பார்களென்றால் ஒரு வரி எழுது. என் பீரோவில்தான் பத்திரமாக இருக்கின்றன, சாவி என் சட்டைப் பையை விட்டு நகராது.

பழசையெல்லாம் மனசில் போட்டுக்கொண்டிருக்காதே. எனக்கும் ஐம்பத்து நாலு ஆகிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில் அதே நாற்காலி, அதே மாற்றுச் சான்றிதழ், அதே நன்னடத்தைச் சான்றிதழ். எழுதி எழுதிக் கட்டைவிரல் மரத்துவிட்டது.

உன் அண்ணன்


ஜனவரி 27

விண்ணப்பதாரரின் தந்தை அவர்களுக்கு,

உங்கள் 12ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. ஆவியில் காட்டவில்லை, கத்தரியால் பிரித்தேன்.

உங்கள் மகளின் கோப்பு இந்த அலுவலகத்துக்கு வந்தது உண்மை. ஜனவரி 5ஆம் தேதி என் கண்ணால் பார்த்தேன். இங்கே பெயருக்கு முன்னாலுள்ள ஒற்றை எழுத்தை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். அவள் விரித்து எழுதியிருந்தாள். அங்கே நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு பத்து நாளிலும் முடியும், பத்து மாதமும் கிடக்கும். பல்கலைக்கழகத்துக்குச் சந்தேகம் கேட்டு ஒரு கடிதம் போட்டால் போதும், பதில் வரும்வரை கோப்பு தூங்கும். உங்கள் பல்கலைக்கழகம் எந்த வேகத்தில் பதில் போடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ஒரு தாள் வேண்டும்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை எனக்கும் இப்படி ஒரு வேலைக் கடிதம் வந்தது. சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பக்கவாதம் வந்து ஒரு மாதமாகியிருந்த அப்பாவை மறுநாள் காலையில் மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது என் நான்கு சான்றிதழ்களும் சாப்பாட்டு மேசை மேல் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் படுத்திருந்தன. நீங்கள் லேமினேட் செய்துகொண்டு வந்திருந்தீர்கள்.

அன்று ஜெராக்ஸ் கடையில் என்ன நடந்தது? கடைக்காரர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஒரு பக்கம் போதும். உங்கள் கையெழுத்தில் வேண்டும். கீழே முழுப் பெயர் வேண்டும். அந்தத் தாள் வரும்வரை இந்தக் கோப்பைப் பற்றி என்னிடமிருந்து உங்களுக்கு ஒரு வார்த்தையும் கிடைக்காது.

சுண்டெலி என்று இங்கே யாரும் இல்லை.


பிப்ரவரி 8

தங்கைக்கு,

"விண்ணப்பதாரரின் தந்தை அவர்களுக்கு" என்று ஆரம்பித்து "நீங்கள், நீங்கள்" என்று நீ போட்டிருந்ததைப் படித்தேன். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். என் காதைப் பிடித்து இழுத்து "நேராப் போடா அண்ணா" என்று ஓட்டியவள் நீ. இன்றைக்கு எனக்கு மரியாதை கொடுக்கிறாய். நன்றாகக் குத்துகிறது. அதற்குத்தானே எழுதினாய்?

நீ கேட்டதை எழுதுகிறேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

உனக்கு வேலைக் கடிதம் வந்ததில் வீட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். அந்த வீட்டுக் கூரை ஒழுகியது உனக்கு ஞாபகம் இருக்கும். அலமாரியில் கரையான் வேறு. போதாததற்கு உனக்கு எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் ஓரத்தைக் கடிக்கும் பழக்கம். நான்காம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் பாதியைத் தின்றுவிட்டு அப்பாவிடம் கையெழுத்துக்கு நீட்டினாயே, சுண்டெலி என்ற பெயரே அன்றைக்கு வந்ததுதானே? கடல் தாண்டிப் போகிற காகிதம், கரையானும் தின்னக்கூடாது, தங்கையும் தின்னக்கூடாது என்று நினைத்துத்தான் எடுத்துக்கொண்டு போய் லேமினேஷன் போட்டேன். கடைக்காரர் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். இவ்வளவுதான் நடந்தது. லேமினேட் செய்தால் வெளிநாட்டுக்காரன் ஏற்க மாட்டான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பள்ளிப் படிப்போடு நின்றவன்.

பாசத்தில் செய்தது வினையாக முடிந்தது. அதற்காகப் பதினான்கு வருடமா? அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். வாசல் வரை வந்த அண்ணியிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நாங்கள் அதைச் சொல்லிக் காட்டினோமா?

பாப்பாவின் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் எழுது. மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அண்ணன்


பிப்ரவரி 20

விண்ணப்பதாரரின் தந்தை அவர்களுக்கு,

ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு பக்கம்தான் கேட்டேன். பூசி மெழுக அரைப் பக்கம் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கிறது.

உங்கள் பள்ளிக்கூட அலுவலக ஜன்னலுக்கு மேல் ஓர் அட்டை தொங்கும். சிவப்பு மையில் எழுதியது. "மாணவர்கள் கவனத்துக்கு: சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்." உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாளெல்லாம் அதைப் படித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். அந்த "லே"யின் கொம்பைச் சுழித்து எழுதுகிறவர் அந்த அலுவலகத்தில் ஒருவர்தான். எனக்கு எப்படித் தெரியும் என்று என்னிடமே கேட்கிறீர்கள். வேறு யார் காதிலாவது பூச்சுற்றுங்கள்.

ஏன் லேமினேட் செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இப்போது அதுதான் என் தொழில். நாங்கள் சான்றிதழைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. விரலால் தடவிப் பார்ப்போம். மேடாக எழும்பிய முத்திரை விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பின்பக்கத்தில் சான்றொப்பம் குத்த இடம் வேண்டும். பிளாஸ்டிக் மேல் மை நிற்காது. உள்ளே இருப்பது அசலா, கலர் ஜெராக்ஸா என்று யாராலும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக்குக்குள் போன சான்றிதழ் செத்த சான்றிதழ்.

அதை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா, "டூப்ளிகேட் வேணும்னா தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்.

"தொலையலைங்க, இதோ கையில இருக்கு."

"கையில இருக்குன்னா எதுக்கும்மா டூப்ளிகேட்?"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் காட்டி உரித்துப் பார்த்தேன். தாளின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பட்டச் சான்றிதழில் என் பெயர் இருந்த வரி முழுக்கப் போய்விட்டது. தாளில் பட்டம் இருந்தது, அது யாருடையது என்பது இல்லை. பிறகு "சேதமடைந்தது" என்று எழுதிக்கொடுத்து, நடையாய் நடந்து, இரண்டு வருடம் கழித்து நகல் வாங்கினேன். அதற்குள் அந்த வேலையில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று வருடம் அப்பாவைத் தூக்கினேன், துடைத்தேன், நடக்கப் பழக்கினேன். அவர் போன பிறகு வேறு இடங்களுக்கு எழுதிப்போட்டால், இத்தனை வருடம் மருத்துவமனையில் வேலை பார்க்காதவரின் படிப்பு பழசாகிவிட்டது என்று பதில் வந்தது.

பட்டம் கேட்காத வேலை ஒன்றுதான் கிடைத்தது. இங்கே வந்து மற்றவர்களுடைய அப்பாக்களைத் தூக்கினேன், துடைத்தேன். என் பட்டம் மெத்தைக்கு அடியில் கிடந்தது. முப்பத்து நாலு வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபம் ஆறிவிடும். பேருந்தில் நின்றுகொண்டு வேலைக்குப் போகும்போது நான் ஒன்றை நினைத்துக்கொள்வேன். நீண்ட வரிசை ஒன்று, அதில் நீங்கள் கையில் காகிதத்தோடு நிற்கிறீர்கள், கடைசிக் கவுன்ட்டரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதை நினைத்தால் கால் வலி தெரியாது. பதினான்கு வருடத்தில் நான் சாமி கும்பிட்டதைவிட இதை நினைத்ததுதான் அதிகம். இப்போது நீங்கள் வரிசையில் வந்து நிற்கிறீர்கள்.

எனக்குத் தாள் வரவில்லை. உங்களுக்குச் செய்தியும் இல்லை.


மார்ச் 4

நீ பழிவாங்குகிறாய். பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். என் மேல் உள்ள ஆத்திரத்தை ஒரு பாவமும் அறியாத பெண்ணின் வாழ்க்கையில் காட்டுகிறாய். நீ தூக்கி வளர்த்த பிள்ளை அவள். உன் மடியில் உட்கார்ந்து உன் எலும்புக்கூடு படப் புத்தகத்துக்கு வண்ணம் தீட்டியவள். அவள் என்ன செய்தாள் உனக்கு?

கேட்டுக்கொள். அலுவலகத்தில் உட்கார்ந்து சொந்தக்காரர்களை மிரட்டுவது எந்த ஊரிலும் குற்றம்தான். உன் கடிதம் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. உன் மேலதிகாரிக்கு நான் ஒரு கடிதம் போட்டால் உன் நாற்காலி ஆடும். முப்பது வருடம் அலுவலகக் கடிதம் எழுதியவன் நான். எந்த வரியை எங்கே வைத்தால் எங்கே குத்தும் என்று எனக்கும் தெரியும்.

உனக்கு உண்மைதானே வேண்டும்? இந்தா. அட்டையை எழுதியவன் நான்தான். லேமினேட் செய்தால் செல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது என் யோசனை இல்லை. அப்பாவின் யோசனை. உனக்கு வேலைக் கடிதம் வந்த அன்று சாயங்காலம் என்னைக் கட்டில் பக்கத்தில் கூப்பிட்டு, "அவளை அனுப்பிடாதடா, அவ போயிட்டா என்னை யார் பாத்துப்பா?" என்றார். பெற்றவர் கேட்கும்போது பிள்ளை என்ன செய்வான்? உன்னிடம் சொன்னால் அவர் மேல் உனக்கு வெறுப்பு வந்துவிடும் என்று இத்தனை வருடமும் பழியை நானே சுமந்தேன். இறந்தவர் பெயரைக் கெடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீதான் திறக்க வைத்தாய்.

போதுமா? வயிறு நிறைந்ததா?

பாப்பாவைப் பார்த்தால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நிலைமையே தெரியாமல் இருக்கிறது அந்தப் பிள்ளை. "ரிப்போர்ட் வந்துதாம்மா?" என்று தினமும் கேட்கிறேன். "வரும்போது வரும்பா" என்கிறாள், பாட்டுப் பாடிக்கொண்டு துணி மடிக்கிறாள்.

இனிமேலாவது கோப்பை நகர்த்து.


மார்ச் 15

விண்ணப்பதாரரின் தந்தை அவர்களுக்கு,

எங்கள் மேலாளரின் பதவியும் முகவரியும் இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள், அவருக்கு அது பிடிக்காது.

பக்கவாதத்தில் அப்பாவின் வலது கை மட்டும் போகவில்லை, பேச்சும் போனது. எனக்கு வேலைக் கடிதம் வந்தபோது அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஏழு மாதம் கழித்துத்தான் வந்தது. ஒவ்வொரு சொல்லாக நான்தான் கொண்டுவந்தேன், கண்ணாடியை முகத்துக்கு முன்னால் பிடித்து, உதட்டைத் தொட்டுக் காட்டி. நீங்கள் அந்த அறைக்குள் வந்திருந்தால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜன்னல் வழியாக "எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர் நீங்கள்.

முதலில் திரும்பி வந்த சொல் எது தெரியுமா? "போ." என்னைப் பார்த்துச் சொன்னார். எரிச்சலில் விரட்டுகிறார் என்று நினைத்து வெளியே போய் நின்றேன். மறுநாளும் சொன்னார். மூன்றாம் நாள் இடது கையால் மெத்தைக்கு அடியிலிருந்து என் வேலைக் கடிதத்தை இழுத்துக் காட்டி, "போ" என்றார்.

அந்த மனிதர் தலையில்தான் நீங்கள் பழியைப் போடுகிறீர்கள்.

ஒரு பக்கம். உங்கள் கையெழுத்து. முழுப் பெயர். ஏப்ரல் முப்பதுக்கு இன்னும் நாற்பத்தாறு நாள் இருக்கிறது.


மார்ச் 26

அன்று நடந்தது இது.

காலை பத்தரை மணிக்கு நான் உன் அறைக்குள் போய் மேசை இழுப்பறையிலிருந்து சான்றிதழ்கள் நான்கையும் எடுத்தேன். பள்ளிக்கு அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தேன். பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்கு வேண்டுமென்றே போகவில்லை, அவருக்கு உன்னைத் தெரியும். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடைக்குப் போனேன். தனியாகத்தான் போனேன்.

கடைக்காரர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "சார், இது ஒரிஜினல். லேமினேட் பண்ணாதீங்க, வெளிநாட்டுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க" என்றார். "தெரியும், போடுங்க" என்றேன். "அப்புறம் உரிக்கணும்னா மெல்லிசா போட்டாக்கூட ஏதாவது பண்ணலாம். மெல்லிசா போடட்டுமா?" என்றார்.

"கெட்டியானதா போடுங்க" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவரால் பேச முடியாது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். நீ எழுதிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

நீ போய்விட்டால் அவரை நான்தான் கழுவ வேண்டியிருக்கும். உன் அண்ணி முடியாது என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். எனக்கு அந்த அறையின் வாடையே ஆகாது. இது ஒரு காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. முப்பது வருடத்தில் நான் எழுதிக்கொடுக்காத சான்றிதழ் இல்லை. ஆயிரம் பிள்ளைகள் என் கையெழுத்தை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போயிருக்கிறார்கள். சட்டம் போட்டு மாட்ட என் பெயருக்கு ஒரு தாள் கிடையாது. உன் பட்டச் சான்றிதழை அப்பா வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். அந்த இயந்திரத்துக்குள் அது போவதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

பாப்பாவுக்கு இது தெரிய வேண்டாம். இந்தத் தாளை வைத்துக்கொண்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய். அவளிடம் மட்டும் காட்டாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

கீழே என் முழுப் பெயரும் கையெழுத்தும்.


ஏப்ரல் 9

அண்ணா,

"நீ" என்றே எழுதுகிறேன். என் வேலை முடிந்தது, இனி மரியாதை தேவையில்லை.

உன் தாளில் ஒரு பொய் பாக்கி இருக்கிறது. நீ தனியாகப் போகவில்லை. பள்ளி விடுமுறையிலிருந்த ஒன்பது வயதுப் பெண்ணை ஸ்கூட்டருக்கு முன்னால் நிற்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனாய். இயந்திரத்திலிருந்து வெளியே வந்த முதல் சான்றிதழை அவள் கையில் கொடுத்து, "பிடிச்சுக்கோ பாப்பா, சூடா இருக்கும்" என்றாய். அவள் ஊதி ஊதி ஆற வைத்தாளாம். நான்கையும். அத்தைக்கு ஏதோ பரிசு செய்கிறார் அப்பா என்று நினைத்தாளாம்.

போன நவம்பரில் விண்ணப்பத்துக்கான விதிமுறைகளைப் படித்திருக்கிறாள். "லேமினேட் செய்த சான்றிதழ்கள் ஏற்கப்படமாட்டா" என்று ஒரு வரி. அந்த வரியில் அவளுக்குக் கை சுட்டிருக்கிறது. நெட்டைக்கொக்கிடம் என் எண்ணை வாங்கி என்னைக் கூப்பிட்டாள். "அத்தை, அன்னிக்கு அப்பா கெட்டியா போடச் சொன்னாரு. அது ஏன் அத்தை?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தச் சொல் எனக்குத் தெரியும். உன் கையால் எழுதி வாங்கத்தான் இத்தனை தபால் தலை செலவழித்தேன்.

இப்போது கோப்பைப் பற்றி. எங்கள் அலுவலகத்தில் சொந்தக்காரர் கோப்பைத் தொடக்கூடாது. ஜனவரி 5ஆம் தேதி அதைப் பார்த்த அன்றே மேலாளரிடம் சொல்லி, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டேன். அடுத்த மேசைக்காரர் வேகமானவர். படிப்பு முழுக்கச் சமம் என்று பிப்ரவரி 11ஆம் தேதியே அறிக்கை போய்விட்டது. நீ மேலாளருக்கு எழுதியிருந்தால் அவரே உனக்குச் சொல்லியிருப்பார். என் கடிதங்களை எடுத்து மறுபடி படி. கோப்பு என் மேசையில் இருக்கிறது என்றோ, நான் தடுத்து வைத்திருக்கிறேன் என்றோ ஓர் இடத்தில் எழுதியிருந்தால் சுட்டிக்காட்டு. முப்பது வருடம் அலுவலகக் கடிதம் எழுதியவன் நீ, உனக்கே தண்ணி காட்டிவிட்டேன்.

பீரோவையும் திறந்து பார். உறை இருக்கும், உள்ளே போன வருடத்துக் காலண்டர் தாள் இருக்கும். சாவி சட்டைப் பையை விட்டு நகராது, ஆனால் குளிக்கப் போகும்போது நீ சட்டையை விட்டு நகர்கிறாய். டிசம்பரிலேயே அசல் எல்லாம் இங்கே வந்து சேர்ந்துவிட்டன.

அறிக்கை போன அன்றே உன்னிடம் சொல்லிவிடலாமா என்று அவளைக் கேட்டேன். நான் பழிவாங்கப் பிறந்தவள், அவளுக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். "அப்பா எழுதித் தரட்டும் அத்தை. அதுவரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள். நாற்பத்து மூன்று நாள் நீ தினமும் கேட்டாய், தினமும் "வரும்போது வரும்பா" என்றாள். உன் தாள் எனக்குக் கிடைத்த அன்றே போனில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "தனியாகத்தான் போனேன்" என்ற இடம் வந்ததும் போனை வைத்துவிட்டாள்.

அவளிடம் காட்டாதே என்று காலில் விழுந்து கேட்டிருந்தாய். இந்த உறை அவள் பெயருக்குத்தான் வந்தது, பார்த்தாயா? இதை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறவள் அவள்தான். நிமிர்ந்து பார்.

இருபத்து நாலாம் தேதி அவளுக்கு விமானம். விமான நிலையத்துக்கு நான் வருவேன். என் வீட்டில்தான் இருப்பாள்.

கூடவே உன் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சட்டம் போட்டு மாட்ட உன் பெயருக்கு ஒரு தாள் கிடையாது என்று வருத்தப்பட்டிருந்தாய், இதை மாட்டிக்கொள். கரையான் தின்னாது. கூரை ஒழுகினாலும் ஒன்றும் ஆகாது. இங்குள்ள கடைக்காரர் மெல்லியதா, கெட்டியானதா என்று கேட்டார். நீ சொன்னதையே சொன்னேன்.

சுண்டெலி


மே 3

தங்கைக்கு,

பாப்பா அங்கே வந்து சேர்ந்த செய்தி அண்ணியின் போனுக்கு வந்தது. என்னிடம் பேசவில்லை. விமான நிலையத்தில் பெட்டியை நான் தூக்கப் போனேன். "பரவாயில்லைங்க" என்றாள். பெற்ற மகள் "ங்க" போட்டதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். உன்னிடம் படித்திருக்கிறாள்.

ஜன்னலுக்கு மேலிருந்த அட்டை வெயிலில் வெளுத்துவிட்டது என்று தலைமை ஆசிரியர் நேற்று என்னைப் புதிதாக ஒன்று எழுதச் சொன்னார். எழுதினேன். லேமினேட் வரிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கூட இருந்தவர் எழுதி முடித்தார்.

நீ அனுப்பியதைப் பீரோவில் வைத்திருந்தேன். அண்ணி துணி எடுக்கும்போது பார்த்துவிட்டாள். கிழித்துப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். கிழியவில்லை. நல்ல கெட்டி. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி உரித்தேன். நீ சொன்ன மாதிரியே தாளின் மேல்தோல் எழுத்தோடு சேர்ந்து வந்துவிட்டது. அப்பா, அண்ணி, கடைக்காரர், நீ, எல்லோரும் பிளாஸ்டிக்கோடு போய்விட்டார்கள். அடியில் போட்ட என் பெயர் மட்டும் வெள்ளைத் தாளில் நிற்கிறது. யார் என்று இருக்கிறது, என்ன செய்தான் என்பது இல்லை.

நான் மேல் இடது மூலையிலிருந்து ஆரம்பித்தேன். அதுதான் தப்போ என்று தோன்றுகிறது.

நீ அன்றைக்கு எந்த மூலையிலிருந்து உரித்தாய்?

அண்ணன்